ஜோன் வெஸ்லி: நேரம் அறிந்த போதகர்

மெதடிஸ்த இயக்கத்தின் தந்தையாகிய ஜோன் வெஸ்லி 1703ஆம் ஆண்டு இங்கிலாந்தின் எப்வேர்த் என்னும் ஊரில், குருவானவர் சாமுவேலுக்கும் சூசன்னாவுக்கும் மகனாகப் பிறந்தார். தாயாரே அவரது முதல் ஆசிரியை. பிள்ளைகள் நிறைந்த அவ்வீட்டில் ஒவ்வொருவருடனும் தனித்துப் பேச வாரத்தில் ஒரு மாலையை அவ்வன்னை ஒதுக்கியிருந்தார். ஜோனுக்கு உரியது வியாழக்கிழமை. நேரத்தின் அருமையை அவர் அங்கேயே கற்றார் எனலாம்.

ஒக்ஸ்போர்டில் பயின்று குருவாக அபிஷேகம் பெற்ற வெஸ்லி, 1739இல் பிரிஸ்டல் நகரில் திறந்த வெளியிலே பிரசங்கிக்கத் தொடங்கினார். தொழிலாளர் வேலைக்குச் செல்லுமுன் கேட்கக்கூடியதாக அதிகாலை 5 மணிக்கே பிரசங்கம் செய்வது அவர் வழக்கம். குறித்த நேரத்தில் தொடங்கிக் குறித்த நேரத்தில் முடிக்க வேண்டும் என்பது தம் போதகர்களுக்கு அவர் வகுத்த விதி.

ஆங்கிலத் திருச்சபையின் ஜெபப் புத்தகத்தை அவர் மிக நேசித்தார். ஆயினும், ஞாயிறு ஆராதனை நீளுகிறது என்ற முறைப்பாட்டை அவர் தள்ளிவிடவில்லை. 1784இல் அமெரிக்க மெதடிஸ்தருக்காக அந்நூலைச் சுருக்கி வெளியிட்டபோது அவ்வாராதனையைப் பெரிதும் குறைத்தார். தாம் நேசித்ததையே சபையாரின் நன்மைக்காகக் குறைப்பது எளிதன்று.

1791இல், தமது 87ஆவது வயதில், வெஸ்லி இறைவனடி சேர்ந்தார். அவர் வழிவந்த மிஷனரிமார் 1814இல் இலங்கையில் கால்பதித்தனர். வகுப்பறையிலும் மேடையிலும் ஆலயத்திலும் பேச எழும் எம் சகோதரிகள், கேட்போரின் நேரத்தையும் காணிக்கையாக மதித்த இப்பெரியாரை நினைவிற் கொள்வோமாக.