அறிவியல் அறிஞர் சுப்பாராவ்

மாணவர்களே! கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன், நைட்ரஜன், பாஸ்பரஸ் ஆகிய தனிமங்களை அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். நம் உடல் பெரும்பாலும் இவற்றால் ஆனது. இவற்றுள் பாஸ்பரஸ் தசைகளுக்கு எவ்வாறு உதவுகிறது என்பதை ஆராய்ந்தவர், சென்னையில் கல்வி கற்ற எல்லாப்பிரகட சுப்பாராவ்.

இவர் 1895ஆம் ஆண்டு பீமவரத்தில் பிறந்தார். அந்நாளில் அவ்வூர் சென்னை மாகாணத்தில் இருந்தது. பள்ளியிறுதித் தேர்வில் இருமுறை தோற்று, மூன்றாம் முறை சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்று வென்றார். பின்னர்ச் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதராடை அணிந்தமையால் ஆங்கிலேயப் பேராசிரியர் ஒருவர் சினங்கொண்டார். அதனால் எம்.பி.பி.எஸ். பட்டத்துக்கு மாறாக, அதனினும் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழே இவருக்குக் கிடைத்தது. இதனினும் கொடிய துயரம் ஒன்று உண்டு. இவருடைய உடன்பிறந்தோர் இருவர் ஸ்புரூ என்னும் குடல்நோயால் மாண்டனர். உண்ட உணவின் சத்து உடலில் சேராமல் போகும் நோய் அது.

அமெரிக்கா சென்ற சுப்பாராவ், இரவில் மருத்துவமனையில் கடைநிலைப் பணி செய்துகொண்டே ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பயின்றார். 1925ஆம் ஆண்டு, ஆசிரியர் ஃபிஸ்க்குடன் இணைந்து குருதியிலுள்ள பாஸ்பரசை அளக்கும் முறையை வெளியிட்டார். அமிலமும் மாலிப்டேட்டும் பிற வேதிப்பொருள்களும் சேர்த்தால் நீல நிறம் தோன்றும். நீலம் எவ்வளவு அடர்ந்ததோ, பாஸ்பரசும் அவ்வளவு மிகுதி. ஏரி நீரை ஆய்வோரும் இத்தகைய நீல நிறத்தையே இன்று நம்புகின்றனர். கழிவுநீரால் பாஸ்பரசும் நைட்ரஜனும் பெருகினால் பாசி படரும், ஆக்சிஜன் குறையும். 2016இல் நம் அல்சூர் ஏரியில் மீன்கள் செத்து மிதந்ததை வீட்டுப் பெரியோர் கூறக் கேட்டிருப்பீர்கள்.

தசைச் சாற்றைச் சோதித்தபோது நீலம் உடனே முழுமையாகத் தோன்றவில்லை. மெல்ல மெல்ல அடர்ந்தது. வேறொருவராயின் சோதனைப் பிழை என்று விட்டிருப்பார். இவர்கள் விடவில்லை. அமிலத்தில் மெல்லச் சிதைந்து பாஸ்பரசை வெளிவிடும் புதுப்பொருள் ஒன்று தசையில் இருப்பதைக் கண்டனர். அதுவே பாஸ்போகிரியேட்டின். தசையின் ஆற்றலுக்கு லாக்டிக் அமிலமே காரணம் என்று அறிஞர்கள் நம்பிய காலம் அது! 1929இல் ஏ.டி.பி. என்னும் மூலக்கூற்றையும் இவர்கள் பிரித்தெடுத்தனர். அதில் பாஸ்பரஸ் அணுக்கள் மூன்று உள்ளன. ஜெர்மனியில் லோமன் என்பவரும் அதே ஆண்டில் அதனைக் கண்டறிந்தார்.

இத்துணை செய்தும் ஹார்வர்டில் நிலையான பதவி கிட்டவில்லை. 1940இல் லெடர்லி மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கு இவர் தலைமையில் இயங்கிய குழு, 1945இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கியது. அதன் ஒரு மூலக்கூற்றில் கார்பன் 19, ஹைட்ரஜன் 19, நைட்ரஜன் 7, ஆக்சிஜன் 6 அணுக்கள் உள்ளன. உடன்பிறந்தோரைக் கொன்ற ஸ்புரூ நோய்க்கு அது மருந்தாயிற்று. யானைக்கால் நோய்க்கான மருந்தும் அக்குழுவினர் தந்ததே. 1948 ஆகஸ்டில், தாயகம் திரும்பாமலே, தம் 53ஆம் வயதில் சுப்பாராவ் காலமானார்.

பயிற்சி

1. சுப்பாராவுக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமை ஏன்?
2. நீல நிறம் மெல்லத் தோன்றியதிலிருந்து அறிஞர்கள் உணர்ந்தது யாது?
3. ஏரியில் பாஸ்பரஸ் மிகுந்தால் மீன்கள் இறப்பது எவ்வாறு? ஐந்து வரிகளில் எழுதுக.