அரைச் சம்பளத்தில் படித்த மேதை

ஜூபிலி மலர் என்றால் அதில் ஒரு புனிதரின் வரலாறோ, நம் மறைமாவட்டத்துக்கு உழைத்த குருக்களில் ஒருவரின் வரலாறோ இடம்பெறுவது வழக்கம். அந்த வரிசையில், நம் திருச்சபையைச் சேராதவரும் நம் கொங்கு மண்ணில் பிறந்தவருமான ஒரு பெருமகனின் வாழ்க்கையையும் பங்கு மக்கள் முன் வைக்க விரும்புகிறோம். பிற சமயத்தாரிடம் காணப்படும் நன்மைகளை மதித்துப் போற்றும்படி இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ஆம் ஆண்டில் நமக்கு அறிவுறுத்தியது. அவ்வாறு போற்றத்தக்க ஒரு நற்செயல் கணித மேதை சீனிவாச இராமானுஜனின் வாழ்க்கையில் உண்டு. அதைப் பலர் அறியார்.

அவருடைய கணிதத்தை விளக்க நாம் முற்படவில்லை. அது வல்லுநர்களின் வேலை. சம்பளம் கட்ட வழியில்லாத வீட்டுப் பிள்ளை எப்படிப் படித்தார், எங்கே இடறி விழுந்தார், பிற்காலத்தில் கையில் பணம் வந்தபோது யாரை நினைத்தார் என்பதே நாம் சொல்ல வந்தது.

கோவை மறைமாவட்டம் 1886-ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டு, 1887 டிசம்பர் 22-ஆம் நாள், அந்நாளில் கோயம்புத்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்த ஈரோட்டில் தம் தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் இராமானுஜன் பிறந்தார். பாட்டனார் ஈரோடு முன்சீப் கோர்ட்டில் அமீன். தந்தை சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதி வந்தார். மாதம் சுமார் 20 ரூபாய் வருமானம். தாய் கோமளத்தம்மாள் கோயிலில் பஜனைப் பாடல்கள் பாடிச் சிறு தொகை ஈட்டினார். வெளியூரிலிருந்து வந்து படிக்கும் கல்லூரி மாணவர்களை வீட்டில் வைத்துச் சோறு போட்டும் குடும்பத்தை நடத்தினார்கள். ஜவுளிக்கடைக் கணக்குப்பிள்ளையின் வீட்டு நிலைமையை ஈரோட்டு மக்களுக்கும் திருப்பூர் மக்களுக்கும் நாம் விளக்க வேண்டியதில்லை.

அக்காலத்தில் பள்ளிக்குக் கட்டும் கட்டணத்துக்கும் சம்பளம் என்றே பெயர். தந்தைக்கு வருவதும் சம்பளம், பிள்ளைக்குக் கட்டுவதும் சம்பளம். முன்னது சிறிதாயிருந்தால் பின்னது பெரிய சுமையாகிவிடும். 1897-ஆம் ஆண்டில் ஆரம்பப் பள்ளித் தேர்வில் தஞ்சை ஜில்லாவிலேயே முதலாவதாகத் தேறியதால், கும்பகோணம் டவுன் உயர்நிலைப் பள்ளியில் அரைச் சம்பளம் கட்டிப் படிக்க இராமானுஜனுக்கு அனுமதி கிடைத்தது. 1898 ஜனவரியில் அங்கே சேர்ந்து 6 ஆண்டுகள் படித்தார். அந்தப் பாதிச் சலுகை இல்லாதிருந்தால் அவருடைய படிப்பு எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று நாமே எண்ணிப் பார்க்கலாம்.

புத்தகம் வாங்கவும் அவருக்கு வசதி இல்லை. அவருடைய அறிவுக் கண்ணைத் திறந்ததாகச் சொல்லப்படும் கணித நூல், 1903-ஆம் ஆண்டில் கல்லூரி நூலகத்திலிருந்து நண்பர் வழியாக இரவல் வந்தது. ஆயிரக்கணக்கான தேற்றங்கள் கொண்ட அந்நூலை ஆங்கிலேயரான கார் என்பவர் தொகுத்திருந்தார். அதிலுள்ளவற்றைத் தாமே நிறுவிப் பார்ப்பதில் அவர் மூழ்கிப் போனார். காகிதம் விலை அதிகம் என்பதால் சிலேட்டில் எழுதிப் பார்த்து, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் குறித்துக்கொள்வார்.

மெட்ரிகுலேஷன் தேறி 1904-ஆம் ஆண்டில் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் எஃப்.ஏ. வகுப்பில் சேர்ந்தபோது உபகாரச் சம்பளம் கிடைத்தது. ஆனால் கணிதத்தைத் தவிர வேறெதிலும் மனம் செல்லவில்லை. ஆங்கிலத்தில் தவறினார். விதிப்படி உபகாரச் சம்பளம் நின்றது. ஒரு தவணைக்கான கட்டணமோ 32 ரூபாய். தந்தையின் ஒன்றரை மாத வருமானம். தாயார் கல்லூரி முதல்வரை நேரில் கண்டு முறையிட்டும் பயன் இல்லை. 1905-ஆம் ஆண்டில் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டார் அந்த இளைஞர். வெட்கமும் மனவேதனையும் அவரை அப்படி ஓட வைத்தன.

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். கல்லூரி தன் விதியைத்தான் பின்பற்றியது. அந்த உதவி மதிப்பெண்ணுக்குக் கொடுக்கப்பட்டது. மதிப்பெண் போனதும் உதவியும் போயிற்று. ஆனால் வீட்டின் வறுமை போகவில்லை. உதவி நின்ற அந்த நாளில்தான் அது அவருக்கு முன்னிலும் அதிகமாகத் தேவைப்பட்டது.

1906-ஆம் ஆண்டில் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் மீண்டும் முயன்றார். வள்ளல் பச்சையப்ப முதலியாரின் அறச்சொத்தால் எழுந்த கல்லூரி அது. அங்கும் கணிதம் கைகொடுத்தது. உடற்கூற்றியல் முதலிய பாடங்கள் கைவிட்டன. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் எஃப்.ஏ. தேர்வில் தோல்வி. கல்லூரிப் படிப்பு அத்தோடு முடிந்தது. 1909-ஆம் ஆண்டில் ஜானகியுடன் திருமணம் நடந்தது. கையில் பட்டமும் இல்லை, பிழைக்க வழியும் இல்லை.

அந்த நேரத்தில் சில நல்லவர்கள் அவர் கையிலிருந்த நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தார்கள். இந்தியக் கணிதச் சங்கத்தை நிறுவிய வி. இராமசாமி ஐயர், பேராசிரியர் சேஷு ஐயர் ஆகியோர் வழியாக நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவ் அவரை அறிந்தார். மாதம் 25 ரூபாய் தம் கையிலிருந்தே கொடுத்து, கவலையின்றிக் கணிதத்தைத் தொடரும்படி செய்தார். ஆனால் பிறர் கையை நெடுநாள் எதிர்பார்த்திருக்க இராமானுஜனுக்கு மனம் ஒப்பவில்லை. 1912 மார்ச் 1-ஆம் நாள் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார்.

அங்கிருந்து 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதிய கடிதம் உலகறிந்தது. அதே ஆண்டு மே மாதம் முதல், பட்டம் பெறாத அவருக்காக விதியைத் தளர்த்தி, மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் வழங்கியது சென்னைப் பல்கலைக்கழகம். மறு ஆண்டு, இங்கிலாந்து சென்று ஆராய்வதற்காக ஆண்டுக்கு 250 பவுன் அளித்தது. அதிலிருந்து மாதம் 60 ரூபாய் தம் பெற்றோருக்குச் சேரும்படி ஏற்பாடு செய்துவிட்டே 1914 மார்ச் 17-ஆம் நாள் கப்பலேறினார்.

மூவொரு இறைவனின் பெயர் தாங்கிய டிரினிட்டி கல்லூரியில் அவர் ஹார்டியோடு சேர்ந்து செய்த ஆராய்ச்சிகள் அவருக்குப் பெரும் புகழ் தேடித் தந்தன. ஆனால் குளிரும், போர்க்கால உணவுத் தட்டுப்பாடும், மரக்கறி உணவையே கைக்கொண்ட வைராக்கியமும் சேர்ந்து உடலை வாட்டின. 1917-ஆம் ஆண்டு முதல் மருத்துவமனைகளிலேயே பெரும் பகுதி கழிந்தது. நோயாளியாக இருந்தபோதே 1918 மே மாதத்தில் லண்டன் ராயல் சங்கத்தின் உறுப்பினரானார். அக்டோபரில் டிரினிட்டி கல்லூரியின் ஃபெல்லோவாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்பதவியைப் பெற்ற முதல் இந்தியர் அவரே. அதற்கு ஆண்டுக்கு 250 பவுன். சென்னைப் பல்கலைக்கழகமும் அதே அளவு தொகையை 5 ஆண்டுகளுக்கு வழங்க முன்வந்தது.

நாம் முதலில் குறிப்பிட்ட நற்செயல் இப்போதுதான் வருகிறது. 1919 ஜனவரி 11-ஆம் நாள், லண்டனில் நோயுற்றிருந்த இராமானுஜன் சென்னைப் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு ஒரு கடிதம் எழுதினார். தமக்குக் கிடைக்கவிருக்கும் தொகை தம் தேவைக்கு மிகவும் அதிகம் என்று அதில் தெரிவித்தார். இங்கிலாந்தில் ஆகும் செலவு போக, ஆண்டுக்கு 50 பவுன் பெற்றோருக்குக் கொடுக்கலாம். தம் அவசியச் செலவுகளுக்கு மேல் மிஞ்சுவதைக் கல்விக்காகச் செலவிட வேண்டும். சிறப்பாக, ஏழைப் பிள்ளைகளுக்கும் அநாதைப் பிள்ளைகளுக்கும் பள்ளிச் சம்பளத்தைக் குறைப்பதற்கும், பள்ளிகளுக்குப் புத்தகம் வாங்குவதற்கும் அது பயன்பட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். தாம் நாடு திரும்பியபின் இதற்கான ஏற்பாட்டைச் செய்யலாம் என்றும் எழுதினார். அப்போது அவருக்கு வயது 31.

அவர் கேட்டதையும் கேளாததையும் நாம் கவனிக்க வேண்டும். கணிதத்தில் முதலாவது வருபவனுக்குத் தம் பெயரால் ஒரு பரிசு வை என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். தாம் மதிப்பெண்ணால் சலுகை பெற்றவர். மதிப்பெண்ணால் அதை இழந்தவர். கொடுக்கும் முறை தமக்கு வந்தபோது மதிப்பெண்ணை அவர் பேசவில்லை. ஏழையா, தாய் தந்தை இல்லாத பிள்ளையா என்று மட்டும் பார்க்கச் சொன்னார். சம்பளத்தில் பாதி குறைந்தால் ஒரு வீட்டில் என்ன நடக்கும், இரவல் புத்தகம் ஒன்று ஒரு பிள்ளையை எங்கே கொண்டு சேர்க்கும் என்பது அவர் அனுபவத்தில் கண்டது. கடைசி நேரத்தில் வந்த கூலியாளுக்கும் முழு நாள் கூலியைக் கொடுத்த திராட்சைத் தோட்டத்து உரிமையாளரை நற்செய்தியில் நாம் அறிவோம். அந்த உரிமையாளரின் மனம் இக்கடிதத்தில் தெரிகிறது.

1919 மார்ச் இறுதியில் இராமானுஜன் தாயகம் திரும்பினார். அவ்வாண்டில் சில காலம் நம் கொங்கு நாட்டுக் கொடுமுடியில், காவிரிக் கரையில், உடல்நலம் தேடித் தங்கியிருந்தார். படுக்கையிலும் சிலேட்டை விடவில்லை. ஆனால் நோய் தணியவில்லை. 1920 ஏப்ரல் 26-ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில், தம் 32-ஆம் வயதில் காலமானார். கைம்பெண்ணான ஜானகியம்மாள் பல்கலைக்கழகம் கொடுத்த 20 ரூபாய் மாத உதவியோடு, திருவல்லிக்கேணியில் தையல் தொழில் செய்து பிழைத்தார். பின்னாளில் தாயை இழந்த ஒரு சிறுவனைத் தம் பிள்ளையாக எடுத்து வளர்த்துப் படிக்க வைத்தார். கணவர் கடிதத்தில் எழுதியதை மனைவி தம் தையல் கூலியில் செய்து காட்டினார். அவர் 1994-ஆம் ஆண்டு வரை வாழ்ந்தார்.

இனி நம்மிடம் வருவோம். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் 25 விழுக்காடு இடங்களை நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு ஒதுக்கச் சொல்கிறது. சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு அச்சட்டம் பொருந்தாது என்று 2014-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை என்பதால் நம் கடமை குறைந்துவிடுமா? சட்டம் விட்ட இடத்தில் மனச்சான்று பேச வேண்டும் என்பதே நம் விசுவாசம்.

ஆகவே இந்த ஜூபிலியின் நினைவாக, பங்கு மக்கள் அனைவரும் சிந்திக்கச் சில வழிகளைப் பணிவோடு வைக்கிறோம். உதவி வீட்டு நிலைமையைப் பார்த்துக் கொடுக்கப்படட்டும். தறியில் வேலை குறைந்ததா, பனியன் கம்பெனியில் கூலி நின்றதா, தந்தை இறந்தாரா என்று கேட்டு முடிவு செய்யட்டும். ஒரு தேர்வில் தவறிய பிள்ளைக்கு உடனே உதவியை நிறுத்தாமல், அந்த ஆண்டில் அவன் பக்கத்தில் இன்னும் நெருங்கி நிற்கட்டும். சம்பளத்தோடு புத்தகமும் சேரட்டும். ஜூனில் பள்ளி திறந்தபின் வட்டிக்கு வாங்கிக் கட்டும் நிலை வராமல் மே மாதத்திலேயே உதவி போய்ச் சேரட்டும். பெறுவோரின் பெயர் பங்கு அறிவிப்பில் வர வேண்டாம். வலக்கை செய்வதை இடக்கை அறியாமல் செய்வதே நம் ஆண்டவர் காட்டிய வழி.

பழைய ஏற்பாட்டில் ஜூபிலி ஆண்டு என்பது எக்காளம் ஊதி, அடிமைப்பட்டவருக்கு விடுதலை கொடுத்து, இழந்த நிலத்தை உரியவருக்குத் திருப்பித் தந்த ஆண்டு. ஆலயத்துக்கு வண்ணம் பூசுவதும் தேர் அலங்கரிப்பதும் விழாவுக்கு அழகு. ஏழைப் பிள்ளை ஒருவனின் சம்பளச் சுமையை இறக்கி வைப்பதே அதன் பொருள். ஈரோட்டில் பிறந்த அந்த மேதை நோய்ப்படுக்கையில் எழுதி, செய்து முடிக்க நாள் இல்லாமல் போன ஏற்பாட்டை, நம் பங்கின் எல்லைக்குள்ளாவது நாம் செய்து முடிக்க எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவாராக.