வீடுதோறும் ஓவியம் தந்த இரவிவர்மா

தாமரையில் நிற்கும் இலக்குமி, வீணை ஏந்திய சரஸ்வதி ஆகிய படங்களை நாட்காட்டிகளில் காண்கிறோம். இப்படங்களுக்கு முன்னோடியாக விளங்கியவர் ஓவியர் இராஜா இரவிவர்மா ஆவார்.

இவர் 1848ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள் திருவிதாங்கூர் நாட்டிலுள்ள கிளிமானூரில் பிறந்தார். சிறுவயதிலேயே இவருடைய திறமையைக் கண்ட மாமா இராஜராஜவர்மா, இவரைத் திருவனந்தபுரம் அரண்மனைக்கு அழைத்துச் சென்றார். எண்ணெய் வண்ண ஓவியத்தை அறிந்திருந்த மதுரை இராமசாமி நாயக்கர் இவருக்குக் கற்றுத்தர மறுத்துவிட்டார். நாயக்கரின் மாணவர் ஆறுமுகம் பிள்ளை இரகசியமாக உதவினார். தியோடர் ஜென்சன் என்னும் வெளிநாட்டு ஓவியரோ, தாம் வரைவதைப் பார்க்க மட்டுமே இசைந்தார். பார்த்துப் பார்த்தே இரவிவர்மா கற்றுத் தேர்ந்தார். 1873இல் சென்னைக் கண்காட்சியில் ஆளுநரின் தங்கப்பதக்கம் பெற்றார். 1893இல் இவருடைய பத்து ஓவியங்கள் சிகாகோ கண்காட்சிக்குச் சென்றன.

ஆயினும் அவ்வோவியங்களைப் பெரும்பாலும் அரண்மனைக்குள் இருப்பவர்களே கண்டு மகிழ முடிந்தது. அச்சிட்டால் எல்லோரும் பெறலாம் என்று கும்பகோணத்தில் பிறந்த திவான் மாதவராவ் யோசனை கூறினார்.

ஐரோப்பாவில் இது முன்பே நடந்திருந்தது. பதினாறாம் நூற்றாண்டில் இத்தாலிய ஓவியர் இரஃபேல் வரைந்த 'பாரிஸின் தீர்ப்பு' என்னும் கிரேக்கப் புராணக் காட்சியை ரைமொந்தி என்பவர் செப்புத் தகட்டில் செதுக்கினார். ஒரு தகட்டிலிருந்து பல படிகள் கிடைத்தன. கடல் கடந்தும் பலர் அதைக் கண்டனர்.

1894இல் இரவிவர்மா பம்பாயில் அச்சகம் தொடங்கினார். ஜெர்மனியிலிருந்து இயந்திரங்கள் வந்தன. வண்ணம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கல்லில் வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்டனர். கோவிலுக்குள் நுழைய அனுமதிக்கப்படாத மக்களும் தெய்வ உருவத்தைத் தம் வீட்டிலேயே வைத்து வணங்க முடிந்தது. நம் இல்லங்களில் உள்ள திரு இருதய ஆண்டவர் படமும் அச்சுக்கலை தந்த கொடைதானே!

ஆனால் அச்சகம் இலாபம் தரவில்லை. கடன் பெருகியது, பம்பாயில் கொள்ளை நோயும் பரவியது. சில ஆண்டுகளில் அச்சகத்தை ஜெர்மானியரான ஷ்லைகரிடம் விற்க நேர்ந்தது. உடனிருந்து உழைத்த தம்பியும் 1905இல் மறைந்தார். 1906 அக்டோபர் 2ஆம் நாள் இரவிவர்மா காலமானார்.

அன்புத் தோழியரே! கற்றுத்தர மறுக்கப்பட்ட ஒருவர், தாம் கற்ற கலையின் பயனை எளியவர் வீடுவரை கொண்டு சேர்த்தார். அவர் பொருளை இழந்தார். மக்களோ படங்களைப் பெற்றனர். நாமும் கற்றதை மறைக்காமல் பிறருக்கு வழங்கி வாழ்வோமாக!