தாயுயிர் காத்த செம்மல்

பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறவி என்பர் நம் முன்னோர். அம்மறுபிறவி வாய்க்காது மாண்ட தாய்மார் எண்ணிலர். அவர்கள் சாவுக்குரிய காரணங்களுள் ஒன்றைக் கண்டறிந்து, அதனைக் களையும் வழியும் காட்டிய பெரியார் இக்னாஸ் செம்மல்வைஸ் ஆவார்.

இவர் ஐரோப்பாவில், ஹங்கேரி நாட்டின் பூடா நகரில், 1818ஆம் ஆண்டு ஒரு வணிகரின் மைந்தராய்ப் பிறந்தார். வியன்னா மாநகரில் மருத்துவம் பயின்று, 1844இல் பட்டம் பெற்றார். ஈராண்டுகளுக்குப் பின் அந்நகரின் பொது மருத்துவமனையில், மகப்பேற்றுப் பிரிவில் துணை மருத்துவராய் அமர்ந்தார்.

அங்கு மகப்பேற்றுக் கூடங்கள் இரண்டு இருந்தன. முதற்கூடத்தில் மருத்துவ மாணவரும், இரண்டாங்கூடத்தில் மருத்துவச்சியரும் பயிற்சி பெற்றனர். 1846ஆம் ஆண்டில் முதற்கூடத்தில் 4,010 பேறுகளுக்கு 459 தாய்மார் மாண்டனர். இரண்டாங்கூடத்தில் 3,754 பேறுகளுக்கு மாண்டவர் 105 பேரே. அவர்களுள் பெரும்பாலோரைக் கொண்டுசென்றது பேறுகாலக் காய்ச்சல். ஏழைப் பெண்டிர் தம்மை முதற்கூடத்தில் சேர்க்க வேண்டா என்று கதறி மன்றாடினர்.

காற்றில் கலந்த நச்சே காரணம் என்றனர் சிலர். இட நெருக்கடியே காரணம் என்றனர் வேறு சிலர். இரு கூடங்களுக்கும் காற்று ஒன்றே. நெருக்கடியோ இரண்டாங்கூடத்திலேயே மிகுதி. ஆதலின் இவை காரணமாகா எனத் தெளிந்த செம்மல்வைஸ், உண்மைக் காரணம் யாது எனத் தேடி அலமந்தார்.

1847ஆம் ஆண்டில் அவருடைய நண்பர் கொலெட்ச்கா என்னும் பேராசிரியர், பிணத்தை அறுத்து ஆராயுங்கால், மாணவன் ஒருவனின் கத்தி விரலில் பட்டுப் புண்ணாகி, அப்புண் நஞ்சேறி இறந்தார். அவர் உடலிற் கண்ட குறிகள், மாண்ட தாய்மாரின் உடலிற் கண்ட குறிகளை ஒத்திருந்தன. உண்மை புலனாயிற்று. மருத்துவரும் மாணவரும் பிணங்களை அறுத்து ஆராய்ந்த பின், நேரே வந்து தாய்மாரைத் தொட்டுச் சோதித்து வந்தனர். மருத்துவச்சியர்க்குப் பிணம் அறுக்கும் வேலை இல்லை. பிணத்தின் அழுகற்பொருளே கைவழிச் சென்று தாய்மாரை மாய்த்தது. காக்கும் கையே கொல்லும் கையாயிற்று! தம் கையும் அத்தகையதே என உணர்ந்து, அவர் ஆறாத் துயருற்றார்.

துயருற்றும் அவர் சோர்ந்திலர். தாய்மாரைத் தொடுமுன் ஒவ்வொருவரும் குளோரின் சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவுதல் வேண்டும் என அவ்வாண்டு மே திங்களில் விதித்தார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த சாவு, ஜூனில் நூற்றுக்கு 2 ஆகக் குறைந்தது. மறு ஆண்டில் 3,556 பேறுகளுக்கு இறந்தவர் 45 பேரே.

எனினும், மருத்துவர் கையே சாவுக்குக் காரணம் என்பதனை ஏற்க மூத்த மருத்துவர் பலர்க்கு மனம் இசையவில்லை. 1849இல் அவருடைய பதவி நீட்டிக்கப்படவில்லை. அவர் தாய்நாடு திரும்பி, பெஸ்ட் நகர மருத்துவமனையிலும் தம் முறையால் தாய்மார் பலரைக் காத்தார். 1861இல் தம் ஆராய்ச்சியை நூலாக வெளியிட்டார். எதிர்ப்பு ஓயவில்லை. மனம் நலிந்த அவர், 1865இல் வியன்னாவில் மனநோயாளர் விடுதி ஒன்றில் அடைக்கப்பட்டார். இரு வாரங்களில், புண் நஞ்சேறி, 47ஆம் வயதில் உயிர் துறந்தார். எந்நோயினின்று தாய்மாரைக் காத்தாரோ, அதனை ஒத்த நோயே அவரையும் கொண்டது.

பாஸ்டர் முதலிய அறிஞர் நோய் விளைக்கும் நுண்ணுயிர்களை மெய்ப்பித்துக் காட்டிய பின்னரே, உலகம் அவர் கூற்றை ஏற்றது. இன்றும் வறிய நாடுகளில் தாய்மாரை மாய்ப்பனவற்றுள் குருதிப்போக்கு, மிகு குருதியழுத்தம் ஆகியவற்றோடு தொற்றுநோயும் ஒன்றாக நிற்கின்றது. கை கழுவ நீரும் சோப்பும் இல்லாத மகப்பேற்று அறைகள் இன்னும் உள்ளன. அவை உள்ளவரை செம்மல்வைஸ் தொடங்கிய பணி முற்றுப்பெறாது. தம் குறையைத் தாமே ஆராய்ந்து கண்டு, பிறர் பழித்த போதும் உண்மையை விடாது பற்றிய அப்பெரியார், பெயரால் மட்டுமன்றிச் செயலாலும் செம்மலே ஆவார்.