கலத்தின் சக்தியைக் கண்டவர்: டொக்டர் எல்லாப்பிரகத சுப்பாராவ்

பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது, என்ன எழுதுவது என்று அதிகம் யோசிக்கவில்லை. எத்தனையோ ஆண்டுகள் உயர்தர வகுப்பில் உயிரியல் கற்பித்த எனக்கு ஒரு கடன் பாக்கியிருந்தது. "கலச்சுவாசம்" என்ற பாடத்தில் ஏ.ரி.பி. என்று சுருக்கமாகச் சொல்லும் அடினோசின் மூபொசுபேற்றைப் பற்றி கரும்பலகை நிறைய எழுதிப்போட்டிருக்கிறேன். அதைக் கண்டுபிடித்தவர்களுள் ஒருவர் சென்னையில் படித்த நம் அயலவர் என்பதை ஒரு நாளாவது என் மாணவிகளுக்குச் சொன்னதில்லை. அப்போது எனக்கே அது தெரியாது. அந்தக் குறையை இங்கே தீர்த்துக்கொள்கிறேன்.

எல்லாப்பிரகத சுப்பாராவ் 1895 ஜனவரி 12 இல் பீமவரம் என்ற ஊரில் பிறந்தார். இன்று ஆந்திராவில் இருக்கும் அவ்வூர் அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. தந்தை ஜகந்நாதம், தாய் வெங்கம்மா. பிள்ளைகள் பலர், வருமானமோ சொற்பம். சுப்பாராவுக்குப் படிப்பில் நாட்டமில்லை. காசிக்குப் போய் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றால் பணக்காரனாகலாம் என்று எண்ணிச் சிறுவயதில் வீட்டைவிட்டு ஓடினார் என்று அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் கூறுகின்றனர். வெங்கம்மா விடவில்லை. மகனைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து மீண்டும் பள்ளிக்கூடத்தில் விட்டார். கணவர் காலமான பின்பு தன்னிடமிருந்த நகைகளை விற்று மகனின் படிப்புச் செலவைப் பார்த்தார்.

அப்படியும் அந்த மகன் மெற்றிக்குலேசன் பரீட்சையில் இருமுறை தவறினார். மூன்றாம் முறை சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து எழுதித்தான் தேறினார். பரீட்சை முடிவு வந்த நாளில் அழுதுகொண்டு வீட்டுக்குப் போன எத்தனை பிள்ளைகளை நாம் கண்டிருக்கிறோம்! அவர்களுக்காகவே இதை முதலில் குறிப்பிடுகிறேன். உலக மருத்துவத்தில் நான்கைந்து இடங்களில் தடம் பதித்த ஒருவர் இருமுறை பரீட்சையில் தவறியவர்.

மாநிலக் கல்லூரியில் படித்தபோது அவருடைய மனம் துறவறத்தை நாடியது. இராமகிருஷ்ண மடத்தில் சேர விரும்பினார். தாயின் சம்மதம் வேண்டும் என்றார்கள். வெங்கம்மா சம்மதிக்கவில்லை. துறவிகளுக்கும் நோயாளிகளுக்கும் தொண்டு செய்ய ஒரு வைத்தியராக வரலாமே என்ற எண்ணத்தோடு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். நண்பர்களும், பின்னாளில் மாமனாரான கஸ்தூரி சூரியநாராயணமூர்த்தியும் பணம் கொடுத்து உதவினர். 1919 இல் அவருடைய மகள் சேஷகிரியை மணந்தார்.

அது காந்தியடிகளின் அழைப்பு ஊரெங்கும் ஒலித்த காலம். சுப்பாராவ் சத்திரசிகிச்சை வகுப்புக்குக் கதர் அங்கி அணிந்து சென்றார். ஆங்கிலேயப் பேராசிரியர் பிராட்பீல்டுக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துப் பரீட்சைகளில் நன்றாகச் செய்தும் அவருக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, அதைவிடத் தரங்குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழே வழங்கப்பட்டது. அரசாங்க மருத்துவ சேவையிலும் இடமில்லை. லட்சுமிபதி அவர்களின் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்றியல் விரிவுரையாளராகச் சேர்ந்தார். ஆயுர்வேத மருந்துகளை நவீன முறையில் ஆராயவேண்டும் என்ற ஆசை அங்கேதான் முளைத்தது.

இந்தக் காலத்தில் குடும்பத்தில் பேரிடி விழுந்தது. சில நாள் இடைவெளியில் இரு சகோதரர்களை அவர் இழந்தார். உண்ட உணவின் சத்து உடலில் சேராமல், இரத்தம் வற்றி, ஆளை உருக்கும் ஸ்புரூ என்ற வெப்பவலயக் குடல்நோய் அந்தக் குடும்பத்தைப் பீடித்திருந்தது. அதற்கு அப்போது யாரிடமும் மருந்து இல்லை.

1920களின் தொடக்கத்தில் மாமனாரின் உதவியோடும் காக்கிநாடாவின் சத்தியலிங்க நாயக்கர் தருமநிதியின் உதவியோடும் அவர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். மனைவி சேஷகிரி அப்போது கர்ப்பிணி. பிறந்த ஆண் குழந்தை ஒரு வயது நிறையுமுன்னே இறந்துபோனது. தகப்பன் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவேயில்லை.

பொஸ்ரனில் ஹாவாட் பல்கலைக்கழகத்தில் வெப்பவலய மருத்துவத்தில் டிப்ளோமா படித்தார். சாப்பாட்டுக்கும் அறை வாடகைக்கும் வழியில்லை. ஒரு வைத்தியசாலையில் இரவுநேரச் சிற்றூழியராக நோயாளிகளின் மலசலப் பாத்திரங்களைக் கழுவிக் கொடுத்துச் சம்பாதித்தார். அவர் சென்னையில் வைத்தியராகத் தேறியவர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்த இடத்தில் நம்மவர் பலருக்குச் சொந்தக் கதை ஞாபகம் வரும். பட்டமும் பதவியும் ஊரில் விட்டுவிட்டு லண்டனிலும் ரொறன்ரோவிலும் இரவு வேலைக்குப் போய்த் தலைநிமிர்ந்த பழைய மாணவிகள் இந்த மலரைக் கையில் வைத்திருக்கிறார்கள்.

பின்னர் சைரஸ் பிஸ்க் என்ற பேராசிரியரின் உயிரிரசாயன ஆய்வுகூடத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. 1925 இல் இருவரும் ஒரு முறையை வெளியிட்டனர். இரத்தத்திலோ சிறுநீரிலோ எவ்வளவு பொசுபரசு உள்ளது என்பதை அறிய, மொலிப்டேற்றுச் சேர்த்து நீலநிறம் உண்டாக்கி, அந்த நிறத்தின் அடர்த்தியை ஒப்பிட்டு அளப்பதே அது. பிஸ்க்–சுப்பாராவ் முறை என்ற பெயரோடு அது உலகெங்கும் ஆய்வுகூடங்களுக்குள் புகுந்தது.

அளக்கத் தெரிந்ததும் தேடத் தொடங்கினர். தசையில் எளிதில் உடைகின்ற ஒரு பொசுபரசுச் சேர்வை இருப்பதை 1927 இல் கண்டனர், அதுவே பொசுபோகிரியற்றின். அதே காலத்தில் லண்டனில் பிலிப், கிரேஸ் எக்கில்ற்றன் தம்பதியரும் அதைத் தனியே கண்டிருந்தனர். 1929 இல் தசையிலிருந்து அடினோசின் மூபொசுபேற்றைப் பிரித்தெடுத்தனர். ஜேர்மனியில் கார்ல் லோமான் அதே ஆண்டில் அதே பொருளைக் கண்டு, சற்று முந்தி வெளியிட்டார். தசை சுருங்குவதற்குக் காரணம் இலற்றிக் அமிலமே என்ற அக்காலக் கொள்கை இதனால் ஆட்டம் கண்டது. அதுவோ 1922 ஆம் ஆண்டின் நோபல் பரிசோடு தொடர்புடைய கொள்கை.

இந்தப் பொருளின் பெருமையை விஞ்ஞானம் படிக்காத சகோதரிகளுக்கும் சொல்லவேண்டும். நாம் உண்ணும் சோறு குளுக்கோசாகவும், பருப்பும் மீனும் அமினோ அமிலங்களாகவும், தேங்காய்ப்பாலும் எண்ணெயும் கொழுப்பமிலங்களாகவும் சமிபாடடைந்து கலங்களுக்குள் செல்கின்றன. மூன்றும் வேறுவேறு வழியில் வந்தாலும் கலத்திலுள்ள இழைமணியில் ஒரே பாதையில் கூடி, ஒட்சிசனின் துணையோடு எரிகின்றன. அப்போது வெளிப்படும் சக்தியைக் கலம் நேரடியாகச் செலவழிக்க முடியாது. பல நாட்டுக் காசையும் உள்ளூர்க் காசாக மாற்றினால்தான் சந்தையில் செல்லும் அல்லவா? அந்த உள்ளூர்க் காசுதான் ஏ.ரி.பி. ஒரு குளுக்கோசு மூலக்கூறிலிருந்து ஏறக்குறைய 30 ஏ.ரி.பி. கிடைக்கும், தேங்காயெண்ணெயிலும் உள்ள பல்மிற்றிக் அமிலத்தின் ஒரு மூலக்கூறிலிருந்து 100க்கு மேல் கிடைக்கும். கொழுப்பு ஏன் சேமிப்பு உணவு என்பது இதிலிருந்து விளங்கும். நம் உடலில் ஒரே நேரத்தில் இருக்கும் ஏ.ரி.பி. மிகச் சிறிதளவே. அதுவே திரும்பத் திரும்ப உடைந்து உருவாவதால், ஒரு நாளில் ஏறக்குறைய நம் உடல் எடையளவு ஏ.ரி.பி. கைமாறுகிறது. கண் இமைப்பதும் இதயம் துடிப்பதும் இந்தக் கைமாற்றத்தால்தான்.

இவ்வளவு செய்தும் ஹாவாட் அவருக்கு நிரந்தரப் பதவி தரவில்லை. 1930 இல் கலாநிதிப் பட்டம் பெற்ற பின்னரும் கீழ்நிலையிலேயே இருந்தார். அவர் செய்த வேலை பலவும் வெளிவராமல் தடுக்கப்பட்டது என்றும், அதற்கு பிஸ்கின் பொறாமையே காரணம் என்றும், அதே ஆய்வுகூடத்தில் படித்துப் பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஜோர்ஜ் ஹிச்சிங்ஸ் சொல்லியிருக்கிறார். சுப்பாராவ் அதைப் பற்றிச் சண்டையிட்டவரல்லர். தன் பெயரை முன்வைக்கவும் தெரியாதவர்.

1940 இல் நியூயோர்க் மாநிலத்தில் பேர்ள் ரிவர் என்ற இடத்திலிருந்த லெடர்லே மருந்து நிறுவனத்தில் சேர்ந்து, பின் அதன் ஆய்வுப் பணிப்பாளரானார். அடுத்த எட்டு ஆண்டுகளில் அவருடைய குழு செய்தவை வியப்பூட்டுபவை.

முதலாவது போலிக் அமிலம். 1920களின் இறுதியில் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் வைத்தியர் பம்பாயில் ஆலைத் தொழிலாளர் குடும்பங்களின் கர்ப்பிணிகளைக் கொல்லும் இரத்தச்சோகையை ஆராய்ந்தார். மாமைற் என்ற மதுவச் சாறு அதைக் குணப்படுத்துவதைக் கண்டு 1931 இல் வெளியிட்டார். அதற்குள் இருந்த மருந்துப்பொருள் எது என்பது மட்டும் தெரியவில்லை. அதனோடு ஒன்றெனப் பின்னர் அறியப்பட்ட பொருளை 1941 இல் வேறோர் குழுவினர் கீரையிலிருந்து பிரித்து, இலை என்ற பொருள்பட்ட இலத்தீன் சொல்லால் பெயரிட்டனர். சுப்பாராவின் குழு 1945 இல் அதைச் செயற்கையாக ஆக்கிக் காட்டியது. அதன் ஒரு பகுதி குளுற்றமிக் அமிலம் என்ற அமினோ அமிலம். புதிய கலம் உண்டாகும்போது பரம்பரை அலகின் பொருளாகிய டி.என்.ஏ. ஆக்கப்படுவதற்கு வேண்டிய தனிக்காபன் துண்டுகளைச் சுமந்து கொடுப்பது அதன் வேலை. அது குறைந்தால் செங்குருதிக் கலங்கள் முதிராமல் இரத்தம் குன்றும். கருவின் மூளைக்கும் முண்ணாணுக்கும் அடித்தளமான நரம்புக்குழாய் கருத்தரித்து 28 நாட்களுக்குள் மூடவேண்டும். அதற்கும் இதன் துணை தேவை. தான் கர்ப்பிணி என்று பல பெண்கள் அறியும் முன்னரே அந்நாட்கள் கடந்துவிடுகின்றன. அதனால்தான் பிள்ளைக்கு ஆயத்தமாகும்போதே அந்தச் சிறு குளிசையை எடுக்கும்படி கிளினிக்கில் மருத்துவிச்சி அம்மா வற்புறுத்துகிறார்.

அவருடைய சகோதரர்களைப் பீடித்த அதே குடல்நோயால் வரும் இரத்தச்சோகைக்கும் போலிக் அமிலம் மருந்தாயிற்று. இருபத்தைந்து ஆண்டுகள் கழித்துக் கிடைத்த பதில் அது.

இரண்டாவது புற்றுநோய் மருந்து. இரத்தப் புற்றுநோயுள்ள குழந்தைகளுக்குப் போலிக் அமில வகைகளைக் கொடுத்தபோது நோய் விரைவாக வளர்வதுபோலத் தோன்றியதைப் பொஸ்ரனில் சிட்னி பாபர் என்ற வைத்தியர் கவனித்தார். அப்படியானால் அதற்கு எதிரான பொருளைக் கொடுத்தால் என்ன? போலிக் அமிலம் போலவே உருவமைந்து, பூட்டுக்குள் சென்று திறக்காமல் அடைத்துக்கொள்ளும் போலித் திறப்பு ஒன்றை லெடர்லே குழு ஆக்கியது. அமினோப்ரெறின் என்பது அதன் பெயர். 1948 இல் பாபர் தன் முடிவுகளை வெளியிட்டார். சிகிச்சை பெற்ற 16 குழந்தைகளுள் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்திருந்தது. அதுவரை நாட்களை எண்ணிக் காத்திருப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. அதன் உறவுப்பொருளான மெதோற்றெக்சேற் இன்றும் புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்துக்கும் கொடுக்கப்படுகிறது.

மூன்றாவது நம் நாட்டுக்கு நேரடியாக உதவியது. யானைக்கால் நோய்க்கான டைஎதில்காபமசீன் என்ற மருந்து 1947 இல் இக்குழுவிடமிருந்து வந்தது. இலங்கையில் நோய் பரவியிருந்த மாவட்டங்களில் மக்களுக்குப் பொதுவாக வழங்கப்பட்ட மாத்திரைகளில் அதுவும் ஒன்று. 2016 இல் இலங்கை யானைக்கால் நோயை ஒழித்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதே குழுவில் பெஞ்சமின் டகர் கண்டெடுத்த ஓரியோமைசின், ரெற்றாசைக்கிளின் வகை நுண்ணுயிர்க்கொல்லிகளில் முதலாவது. அது 1948 இல் வெளிவந்தது.

அந்த ஆண்டு ஓகஸ்டில், 53 வயதில், சுப்பாராவ் உறக்கத்திலேயே மாரடைப்பால் காலமானார். அமெரிக்கக் குடியுரிமை பெறாதவர், ஊருக்கும் திரும்பாதவர். ஒரு பூஞ்சணத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 1995 இல், பிறந்து நூறாண்டு நிறைந்தபோது, இந்தியா தபால்தலை வெளியிட்டது.

இத்தனையும் எழுதிய பின்பு என் மனதில் நிற்பவர்கள் இரு பெண்கள். சேஷகிரி கணவரைக் கப்பலேற்றி அனுப்பியவர். பிள்ளையைத் தனியே பறிகொடுத்தவர். அவரை மீண்டும் காணாதவர். உலகம் பெற்ற மருந்துகளுக்கு ஒரு விலை இருந்தது. அதில் பெரும்பங்கை அவரிடம் கேட்காமலே அவரிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். கர்ப்பிணிகளின் உயிர் காக்கும் மருந்தைத் தந்த மனிதர் தன் வீட்டுக் கர்ப்பிணியோடு இருக்கவில்லை என்பதைப் புகழுரைக்குள் மறைத்துவிடக்கூடாது. அவரைக் குற்றவாளியாக்க இதைச் சொல்லவில்லை. பெரியோரின் வாழ்க்கையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது கணக்கை முழுதாகச் சொல்லவேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன்.

மற்றவர் வெங்கம்மா. இருமுறை தவறிய பிள்ளைக்காக மூன்றாம் முறையும் பணம் தேடியவர். நம் திருகோணமலையிலும் அப்படிப்பட்ட தாய்மார் இருந்தார்கள். கிண்ணியாவிலும் மூதூரிலும் இருந்து தோணியும் பாதையும் ஏறி வந்த பிள்ளைகளுக்கும், நிலாவெளியிலும் தம்பலகாமத்திலும் இருந்து விடிகாலை பஸ்ஸில் வந்த பிள்ளைகளுக்கும் பின்னால், அடகுக் கடையில் வைத்த ஒரு சோடிக் காப்பு இருந்தது. வெங்கம்மா மகனுக்குச் செய்ததை நம் தாய்மார் மகளுக்குச் செய்தார்கள். அது அவரைவிட ஒரு படி மேல்.

யுத்தத்தாலும் கடற்கோளாலும் உலகெங்கும் சிதறிப்போன சகோதரிகளே, சங்கத்தின் அடுத்த நூற்றாண்டில் பரீட்சையில் ஒருமுறை தவறிய மாணவிக்கு இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் எழுத உதவும் ஒரு சிறு நிதியை நாம் ஏற்படுத்தலாம். கெட்டிக்காரருக்குப் பரிசு கொடுக்கப் பலர் இருக்கிறார்கள். தவறியவருக்குக் கைகொடுக்க ஒரு வெங்கம்மா வேண்டும். நாம் பலர் சேர்ந்தால் அந்த ஒருவராகலாம்.