மீன்களின் பெயரைக் கேட்டு எழுதியவர்

நம் இலக்கிய வட்டத்தின் பத்தாமாண்டு மலருக்குச் சான்றோர் ஒருவரின் வாழ்க்கையை எழுதித் தருமாறு நண்பர்கள் பணித்தபோது, புலவர் ஒருவரையோ பதிப்பாசிரியர் ஒருவரையோ நான் தேர்ந்தெடுப்பேன் என்று அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். நான் எடுத்துக்கொண்டவர் ஓர் ஆங்கில மருத்துவர். பெயர் பிரான்சிஸ் டே. மீனியல் அறிஞர்க்கு நன்கு அறிமுகமானவர். நம்மவர்க்கு அத்துணை அறிமுகம் இல்லாதவர். ஆயினும் காவிரி தமிழகத்துள் அடியெடுத்து வைக்கும் தருமபுரி மாவட்டத்தில் வாழும் நமக்கு அவர் அயலார் அல்லர். நம் ஆற்று மீன்களின் தமிழ்ப் பெயர்களை வாய்மொழியினின்று எடுத்து அறிவியல் நூலில் ஏற்றியவர்களுள் அவர் முதன்மையானவர்.

டே 1829ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் மேர்ஸ்ஃபீல்டு என்னும் ஊரில் பிறந்தார். டார்வின் பயின்ற ஷ்ரூஸ்பரிப் பள்ளியிலேயே இவரும் பயின்றார். இலண்டனில் மருத்துவம் கற்று, 1852இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை மருத்துவப் பணியில் சேர்ந்தார். பர்மியப் போரிலும் பணியாற்றியபின் கொச்சியில் மருத்துவராக அமர்ந்தார். கொச்சியின் பழமையையும் புதுமையையும் கூறும் பெருமாள்களின் நாடு என்னும் நூலை 1863இலும், மலபார் மீன்கள் என்னும் நூலை 1865இலும் வெளியிட்டார்.

அந்நாளில் உதகை மண்டலத்தில் குடியேறியிருந்த வெள்ளையர்க்கு ஒரு குறை இருந்தது. தட்பம் தாயகத்தை ஒத்திருந்தது, ஓடைகளும் தெளிந்தோடின, அவ்வோடைகளில் டிரவுட் மீன் மட்டும் இல்லை. பழுப்பு டிரவுட் என்பது குளிர்ந்த ஓடுநீரில் வாழும் புள்ளி மீன். நீர்ப்பரப்பில் வந்து வீழும் சிறு பூச்சிகளை எழும்பிக் கவ்வுவது அதன் வழக்கம். ஆதலின் அதனைப் பிடிப்போர் புழுவைக் கோக்காமல், இறகும் மயிரும் பட்டு நூலும் கொண்டு தூண்டில்முள்ளின்மேல் ஒரு பொய்ப்பூச்சியைக் கட்டி, நீண்ட கயிற்றை வீசி, மீனின் தலைக்கு மேற்புறத்தே நீரில் மெல்லப் படியச் செய்வர். பூச்சி நீரில் அமிழாமல் உலர்ந்தே மிதந்து வருதல் வேண்டும். ஒழுக்கு கயிற்றை இழுத்துப் பூச்சி சற்றே கோடு கிழித்தாலும் மீன் பொய்யை உணர்ந்து அகன்றுவிடும். தென் இங்கிலாந்தின் டெஸ்ட், இட்சன் என்னும் சுண்ணக்கல் ஆறுகளில் இக்கலை முதிர்ந்தது. ஹால்ஃபோர்டு என்பார் 1886லும் 1889லும் எழுதிய இரு நூல்கள் இதற்கு இலக்கணமாயின.

மேலிருந்து உதிர்வதை மீன் ஏற்றுக் கவ்வும் காட்சி நமக்குப் புதிதன்று. வயலோரத்து மாமரம் உதிர்த்த கனி வாளைமீனுக்கு முயலாமலே இரையாவதை ஆலங்குடி வங்கனார் குறுந்தொகையில் காட்டியிருக்கிறார். அங்கே தூண்டில் இல்லை. பொய்யும் தலைவன் பக்கமே.

நீலகிரியில் டிரவுட்டைக் குடியேற்ற முதன்முதல் முயன்றவர் டே. ஆண்டு 1863. சூயசுக் கால்வாய் திறந்ததோ 1869இல்தான். டிரவுட் முட்டை குளிர்ந்த நீரிலன்றிப் பிழைக்காது. வெப்பம் சற்று ஏறின் காலத்துக்கு முன்னரே பொரிந்துவிடும். மேலும் ஏறின் அழிந்துவிடும். வெப்பக் கடல்களைத் தாண்டிச் சமவெளியின் வெயிலையும் கடந்து அதனை மலையேற்றுவது எத்துணை அரிது என்பதை எண்ணிப் பார்க்கலாம். அம்முயற்சியும் அதனை அடுத்து மேற்கொண்டதும் பயன் தரவில்லை. இதே காலத்தில், 1864இல், நார்ஃபோக் என்னும் கப்பலில் பனிக்கட்டிக்கு அடியில் ஈரப்பாசியில் பொதிந்து அனுப்பிய முட்டைகள் ஏறத்தாழ மூன்று திங்கள் பயணத்தைத் தாங்கித் தாசுமேனியாவில் பொரிந்தன. அவற்றுட் சில இட்சன் ஆற்றினின்று சென்றவை. அங்கே வெற்றியும் இங்கே தோல்வியுமாக அமைந்ததற்குப் பனிக்கட்டியும் பாசியுமே பெருங்காரணம் என்பது என் கருத்து.

தோற்றவர் சும்மா திரும்பவில்லை. அயல் மீனைக் குடியேற்றச் சென்ற மலையில் முன்னமே குடியிருக்கும் மீன்கள் யாவை என்று தேடலானார். 1867இல் நீலகிரி மலைகளிலும் அவற்றின் அடிவார ஆறுகளிலும் வாழும் மீன்களைப் பற்றி இலண்டன் விலங்கியல் கழகத்தின் ஏட்டில் ஒரு கட்டுரை எழுதினார். பவானியாற்றின் கெண்டை ஒன்றுக்கு ஐயத்துக்குரியது என்னும் பொருள்பட இலத்தீனில் பெயரிட்டதும் அவ்வாண்டிலேயே. பெயரிடும்போதே தம் ஐயத்தையும் பெயராக்கிய அந்நேர்மை எனக்கு மிகவும் பிடித்தது. டிரவுட் பிழைத்திருந்தால் தூண்டிலோடு ஓடைக்கரையில் அவர் காலம் கழிந்திருக்கவும் கூடும்.

1871இல் அவர் இந்திய மீன்வளத் தலைமை ஆய்வாளர் ஆனார். நாடெங்கும் கேட்டறிந்து, 1873இல் நன்னீர் மீன்களைப் பற்றிய அறிக்கையை வெளியிட்டார். சிறுகண் வலைகளையும், வாய்க்கால்களில் குஞ்சுகளை வாரியெடுக்கும் பொறிகளையும் அதில் கண்டித்தார். எளிய செம்படவர்மேல் பழியை மிகுதியாக ஏற்றினார் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஆயினும் அரசாங்கமே கட்டிய அணைகள் மீனின் ஏற்றத்தை மறிக்கின்றன என்பதையும் அவர் மறைக்கவில்லை. கொள்ளிடத்தில் கடலினின்று ஏறிவரும் உல்லமீன் கீழணையில் தடைப்படுவது அவர் அறிந்த செய்தி. பின்னாளில், 1934இல், மேட்டூர் அணை எழுந்து காவிரியையே மறித்தது.

இந்திய மீன்கள் என்னும் அவருடைய பெருநூல் 1875 முதல் 1878 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. ஏறத்தாழ இருநூறு ஓவியத் தகடுகள் கொண்டது. ஒவ்வொரு மீனுக்கும் இலத்தீன் பெயரை அடுத்து, அந்தந்த நாட்டு மக்கள் வழங்கும் பெயர்களையும் தந்திருக்கிறார். அவை அனைத்தும் ஆங்கில எழுத்தில் உள்ளன. லகர, ளகர, ழகர வேறுபாடு அதில் கரைந்துவிட்டது. கெண்டை என்னும் சொல்லே அவர் கையில் அடையாளம் தெரியாதவாறு உருமாறியிருக்கிறது. அவற்றை வாய்விட்டுப் படித்துத் தமிழுக்கு மீட்பது, சிதைந்த ஏட்டைப் படிப்பது போன்றதே. கறுப்பு விரால் கிடைத்தது, பூவிரால் கிடைத்தது. பனையேறி கிடைத்தபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். தரங்கம்பாடியில் டேனியப் படையதிகாரி டால்டார்ஃப் பனைமரத்தின்மேல் கண்டதாக 1797இல் எழுதிய மீன் அதுவே. அத்தகைய மீன்களை நீர்ப்பரப்புக்கு வரவிடாது தடுத்து, காற்றின்றி அவை நீருக்குள்ளேயே மூச்சுமுட்டி மாய்வதை டே சோதித்துக் காட்டினார்.

அவருக்குப் பகையும் உண்டு. பிரித்தானிய அருங்காட்சியகத்தின் மீனறிஞர் குந்தருடன் அவர் கொண்ட கருத்து மோதல் ஆறவேயில்லை. வாழ்நாளெல்லாம் திரட்டிய இந்திய மீன்களில் பெரும்பங்கு 1883இல் சிட்னியிலுள்ள ஆத்திரேலிய அருங்காட்சியகத்துக்கு விலைப்பட்டுச் சென்றது. நம் ஆற்று மீன்களைக் காண விழையும் ஆராய்ச்சியாளர் கடல் கடந்து செல்ல நேர்ந்ததற்கு இருவரின் மனவேறுபாடும் ஒரு காரணம்.

ஓய்வுபெற்றுச் செல்டனாமில் வாழ்ந்த நாளில் அவர் மீண்டும் டிரவுட்டிடமே திரும்பினார். ஆற்றுக்கு ஆறு, ஏரிக்கு ஏரி நிறமும் புள்ளியும் மாறுபடுவதால் டிரவுட்டைப் பல இனங்களாகக் குந்தர் பிரித்திருந்தார். டே ஸ்காட்லாந்தின் ஹௌவிடௌன் பொரிப்பகத்தில் மீன்களை வளர்த்தும் கலந்தும் ஆராய்ந்து, நீரும் இரையும் மாறினால் வடிவும் மாறும், மீன் ஒன்றே என்று 1887இல் நூல் எழுதினார். பின்வந்தோர் பெரும்பாலும் அவர் பக்கமே நின்றனர். ஆனால் ஒன்றாக்கும் அவ்வேட்கையே அவரைப் பிறிதோரிடத்தில் வழுக்கிவிழச் செய்தது. பூமீன் கெண்டை எனத் தமிழர் வழங்கும் மகசீர் மீன்களிலும் பலவற்றை அவர் ஒரே பெயரின்கீழ் அடக்கினார். காவிரிக்கேயுரிய திமில் முதுகுடைய பூமீன் தனியினம் என்பது 2018இல்தான் தெளிந்தது. தெளிந்த அதே ஆண்டில் அழிவின் விளிம்பில் நிற்கும் இனங்களின் பட்டியலிலும் அது ஏறியது.

டே 1889 சூலை 10ஆம் நாள் புற்றுநோயால் மறைந்தார். இரு தொகுதிகளாக அவர் எழுதிய மீன் விளக்கம் அவ்வாண்டே வெளிவந்தது. அதில் ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட இனங்கள் உள்ளன. நீலகிரியில் அவலாஞ்சிப் பொரிப்பகம் 1907இல் அமைந்தது. வில்சன் என்பாரின் முயற்சியால் அங்கே நிலைபெற்றது வானவில் டிரவுட். டே விரும்பிய பழுப்பு டிரவுட் அம்மலையில் வேரூன்றவில்லை.

சென்ற கோடையில் மாணவியரோடு ஒகேனக்கல் சென்றிருந்தேன். மீன் வறுக்கும் பெண்களிடம் பெயர் கேட்டால் கட்லா, ரோகு, ஜிலேபி என்றனர். மூன்றும் வேற்றுநீரிலிருந்து வந்து குடியேறியவை. பரிசல் ஓட்டிய முதியவரிடம் டேயின் பட்டியலை ஒவ்வொன்றாகப் படித்தேன். சிலவற்றுக்குத் தலையசைத்தார், சிலவற்றை என் உச்சரிப்பைத் திருத்திச் சொன்னார். பூமீன் என்றதும் துடுப்பை மடியில் வைத்துவிட்டு, தம் தகப்பனார் பிடித்ததன் நீளத்தை இரு கைகளாலும் காட்டினார். தாம் பிடித்தது எவ்வளவு நீளம் என்று மாணவி ஒருத்தி கேட்டாள். அவர் மறுபடியும் துடுப்பை எடுத்துக்கொண்டார்.