கிட்டார் வாசிக்கத் தெரியாத கிட்டார் மேதை



நம்ம சுவர் இதழில் அப்துல் கலாம், ராமானுஜன், மேரி கியூரி என்று எத்தனையோ பெரியவங்களைப் பற்றிப் படிச்சிருக்கோம். இந்தத் தடவை நான் எழுதுவது லியோ ஃபெண்டர் என்பவரைப் பற்றி. யாருடா இது, கேள்விப்பட்டதே இல்லையேன்னு நினைக்காதீங்க. இளையராஜா பாட்டுக்களில் அடியிலேயே ஒரு கனமான சத்தம் ஓடிக்கிட்டே இருக்குமே, அதுதான் பேஸ் கிட்டார். அதைத் தொழிற்சாலையில் செய்து உலகம் முழுக்கப் பரவ வைத்தவர் இவர்தான். இன்றைக்கு மேடைகளில் பார்க்கிற எலெக்ட்ரிக் கிட்டார்களில் பெரும்பாலானவற்றில் இவர் கைவண்ணம் ஏதாவது ஒன்று இருக்கும்.

ஆனால் அவருக்குக் கிட்டார் வாசிக்கவே தெரியாது! அதனால்தான் எனக்கு அவரைப் பிடித்தது. ஏன் என்று சொல்கிறேன்.

எனக்குத் தெரிய வந்த கதை

போன வருஷம் எங்க ஊர்த் திருவிழாவில் மெல்லிசைக் கச்சேரி நடந்தது. நல்ல பாட்டு ஓடும்போது கிட்டார் சத்தம் திடீரென்று நின்று போச்சு. வாசிக்கிற அண்ணன் தட்டிப் பார்த்தார், ஆட்டிப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. மைக்செட் போடுகிற அண்ணன் ஓடி வந்து கிட்டாரைக் குப்புறப் போட்டு, திருகாணிகளைக் கழற்றி, உள்ளே அறுந்து கிடந்த ஒரே ஒரு ஒயரை ஈயம் வைத்துப் பற்ற வைத்தார். டார்ச் பிடித்தது நான்தான். ஐந்து நிமிஷத்தில் கிட்டார் மறுபடியும் பாடியது. கூட்டம் வாசித்தவருக்குக் கை தட்டியது. பற்ற வைத்தவர் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துக்கிட்டார்.

எனக்குச் சுருதி சேராது. பாட்டுக்குழுவில் நான் நின்றால் பக்கத்தில் நிற்கிறவனும் தடுமாறுவான், அது எல்லோருக்கும் தெரிஞ்ச விஷயம். ஆனால் அந்தக் கிட்டாருக்குள்ளே பார்த்ததில் இருந்து நாமும் ஒன்று செய்ய வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. வீட்டில் சொன்னேன். நாமக்கல்லில் லாரி பாடி கட்டுகிற பட்டறையில் பெயின்ட் அடிப்பவர் எங்க அப்பா. வாசிக்கத் தெரியாதவனுக்கு அது எதுக்கு, படிக்கிற வேலையைப் பாரு என்று சொல்லிவிட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கிட்டாரின் தலையில் எழுதியிருந்த ஃபெண்டர் என்ற பேர் மட்டும் மனசில் இருந்தது. அந்தப் பேரைத் தேடிப் போனபோதுதான் எனக்குப் பதில் கிடைத்தது.

ஆரஞ்சுத் தோட்டத்துப் பையன்

லியோ ஃபெண்டர் 1909 ஆகஸ்ட் 10 அன்று அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பிறந்தார். அப்பா, அம்மா ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருந்த விவசாயிகள். நமக்கு வெங்காயக் காடு மாதிரி அவங்களுக்கு ஆரஞ்சுத் தோட்டம். எட்டு வயதில் லியோவுக்கு இடது கண்ணில் கட்டி வந்து, அந்தக் கண்ணையே எடுக்க வேண்டியதாகிவிட்டது. வாழ்நாள் முழுக்கக் கண்ணாடிக் கண்ணோடுதான் இருந்தார். தலைமுடி மாதிரி மெல்லிசான செம்புக் கம்பியை வைத்துப் பிற்காலத்தில் அவர் செய்த வேலை எல்லாம் ஒற்றைக் கண்ணால் செய்ததுதான்!

அவருடைய மாமா ஒருவர் வண்டிகளுக்கு எலெக்ட்ரிக்கல் வேலை பார்க்கிற கடை வைத்திருந்தார். நாமக்கல்லில் தெருவுக்குத் தெரு இருக்கே, அந்த மாதிரிக் கடைதான். லியோவுக்குப் பதின்மூன்று வயதானபோது அந்த மாமா ஒரு பெட்டி நிறையக் கழித்துப் போட்ட சாமான்களையும் ஒரு பேட்டரியையும் அனுப்பி வைத்தார். பிறகு மாமா கடைக்குப் போனபோது, உதிரிப் பாகங்களை வைத்து அவரே செய்த ரேடியோ ஒன்று சத்தமாகப் பாடிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் கடைசி வரை விடவில்லை.

கணக்குப் பிள்ளை

ரேடியோ மேல் இவ்வளவு ஆசை இருந்தும் கல்லூரியில் அவர் படித்தது கணக்குப் பதிவு. எலெக்ட்ரானிக்ஸ் அவருக்கு யாரும் வகுப்பில் சொல்லித் தரவில்லை, தானாகக் கற்றுக்கொண்டதுதான். ஐஸ் கம்பெனியில் வேலை, நெடுஞ்சாலைத் துறையில் கணக்கு, பிறகு டயர் கம்பெனியில் கணக்கு என்று ஓடியது. 1930-களில் அமெரிக்காவில் பெரிய பொருளாதாரப் பஞ்சம் வந்தது. லியோவுக்கும் வேலை போச்சு. கல்யாணமும் ஆகியிருந்தது.

அவர் என்ன செய்தார் தெரியுமா? 1938-ல் 600 டாலர் கடன் வாங்கி ஃபுல்லர்டன் என்ற ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை போட்டார். ரேடியோ மட்டும் இல்லாமல், இசைக்குழுக்காரங்க தங்களுடைய ஆம்ப்ளிஃபயரையும் மைக்கையும் கொண்டு வந்தாங்க. ரிப்பேருக்கு வந்த சாமான் ஒவ்வொன்றும் அவருக்குப் பாடப் புத்தகம் ஆகியது. எது அடிக்கடி கெட்டுப் போகுது, ஏன் கெட்டுப் போகுது என்று அவருக்கு அத்துப்படி.

எலெக்ட்ரிக் கிட்டார் எப்படிப் பாடுகிறது?

இது நம்ம அறிவியல் பாடம்தான். காந்தப் புலம் மாறினால் பக்கத்தில் உள்ள கம்பிச் சுருளில் மின்சாரம் உண்டாகும் என்று ஃபாரடே கண்டுபிடித்ததைப் படித்திருக்கோம் இல்லையா? கிட்டாரில் ஆறு இரும்புத் தந்திகள். அவற்றின் அடியில் ஆளுக்கொரு காந்தம். காந்தங்களைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பி ஏழாயிரம், எட்டாயிரம் சுற்று. இதற்குப் பிக்கப் என்று பேர். தந்தி அதிரும்போது காந்தப் புலம் அதே வேகத்தில் மாறுகிறது. கம்பியில் மிகச் சிறிய மின்சாரம் ஓடுகிறது. ஆம்ப்ளிஃபயர் அதைப் பெரிதாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. நம்ம ஊரில் போர்வெல் மோட்டாருக்குக் காயில் கட்டுறாங்களே, அதுவும் செம்புக் கம்பிச் சுற்றுத்தான். அங்கே மின்சாரம் போய் அசைவு வருகிறது, இங்கே அசைவு போய் மின்சாரம் வருகிறது.

முதலில் வந்த எலெக்ட்ரிக் கிட்டார்களில் பலவும் உள்ளே கூடாக இருந்தன. சத்தத்தைக் கூட்டினால், ஸ்பீக்கர் சத்தம் அந்தக் கூட்டுக்குள் புகுந்து மறுபடியும் தந்தியை அதிர வைத்து, மைக் முன்னால் ஸ்பீக்கரை வைத்த மாதிரி ஊளையிடும். லியோ தன்னுடைய பிக்கப்பைச் சோதித்துப் பார்ப்பதற்காக 1940-களில் ஒரு கெட்டி மரக்கட்டையில் தந்தி கட்டிப் பார்த்தார். வெறும் சோதனைக்குச் செய்த கட்டை அது. ஆனால் ஊரில் இருந்த வாசிப்பாளர்கள் அதையே இரவல் கேட்டு வாங்கிப் போக ஆரம்பித்துவிட்டாங்க!

கெட்டிக் கட்டையில் கிட்டார் செய்ய நினைத்த முதல் ஆள் லியோ இல்லை. ஆனால் அதைத் தொழிற்சாலையில் எளிதாகவும் நிறையவும் செய்து கடைகளுக்குக் கொண்டு வந்தவர் அவர்தான். 1950-ல் விற்பனைக்கு வந்த அந்தக் கிட்டாருக்கு முதலில் வைத்த பேர் பிராட்காஸ்டர். கிட்டத்தட்ட அதே பேரில் வேறொரு கம்பெனி டிரம்ஸ் விற்றுக்கொண்டிருந்ததால் பேரை மாற்ற வேண்டி வந்தது. நம்ம கணக்குப் பிள்ளை அச்சடித்த ஸ்டிக்கரை வீணாக்குவாரா? புதுப் பேர் கிடைக்கும் வரை பழைய பேரை மட்டும் வெட்டிவிட்டு, மிச்ச ஸ்டிக்கரை ஒட்டி அனுப்பினார். 1951-ல் டெலிகாஸ்டர் என்று பேர் வைத்தார்கள். அதே வருஷம் பிரிசிஷன் பேஸ் வந்தது. ஆள் உயரம் இருக்கிற பழைய பேஸ் வயலினைப் பஸ்ஸில் கூட ஏற்ற முடியாது. இதைத் தோளில் மாட்டிக்கொண்டு போகலாம்.

ரிப்பேர்காரர் மூளை

லியோவின் கிட்டாரில் கழுத்துக் கட்டையை உடம்போடு பசை போட்டு ஒட்டுவதில்லை. நாலு திருகாணி, அவ்வளவுதான். கழுத்து கெட்டுப் போனால் கழற்றிவிட்டு வேறு மாட்டலாம். உள்ளே ஒயர் அறுந்தால் மூடியைத் திறந்து பற்ற வைக்கலாம். லாரியில் பழுதான பாகத்தை மட்டும் மாற்றுகிறோமே, அதே யோசனை. எங்க ஊர்க் கச்சேரியில் ஐந்தே நிமிஷத்தில் வேலை முடிந்தது ஏன் என்று இதைப் படித்த அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

இன்னொன்றும் இருக்கு. தனக்கு வாசிக்கத் தெரியாது என்பதால், வாசிக்கிறவங்க சொல்வதை அவர் உட்கார்ந்து கேட்டார். புதிதாக எது செய்தாலும் அவங்க கையில் கொடுத்து மேடையில் வாசிக்கச் சொல்லி, குறையைக் கேட்டுத் திருத்தினார். கட்டையின் விளிம்பு விலாவில் குத்துது என்று சொன்னாங்க. விளிம்பைச் சரிவாகச் செதுக்கி, உடம்போடு ஒட்டி நிற்கிற மாதிரி 1954-ல் ஸ்ட்ராட்டோகாஸ்டரைக் கொண்டு வந்தார். 1969-ல் வுட்ஸ்டாக் விழாவில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் வாசித்தது அந்த வகைக் கிட்டார்தான்.

இதைப் படித்ததும் நான் துள்ளிக் குதித்த விஷயம் ஒன்று உண்டு. ஃபெண்டர் கிட்டார்களுக்கு அடித்த கலர்கள் பலவும் கார் கம்பெனிகளுக்காகத் தயாரித்த பெயின்ட்! ஃபோர்டு கார் சிவப்பு, காடிலாக் கார் நீலம் எல்லாம் கிட்டாரிலும் வந்தது. பட்டி பார்த்து, தேய்த்து, பிரைமர் அடித்து, ஸ்பிரே பண்ணி, பாலிஷ் போடுவது. அப்படியே எங்க அப்பா செய்கிற வேலை.

கடைசி நாள் வரை

உடம்பு சரியில்லாமல் போய், பிழைப்போமா என்றே பயந்து, 1965-ல் லியோ தன் கம்பெனியை 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு விற்றுவிட்டார். பிறகு வேறொரு மருத்துவரின் சிகிச்சையில் குணமானார். அவ்வளவு பணத்தை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அவர் மறுபடியும் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார். மியூசிக் மேன், ஜி அண்ட் எல் என்ற கம்பெனிகளுக்காகப் புதுக் கிட்டார்களைச் செய்தார். பார்க்கின்சன் நோயால் கை நடுங்கிய காலத்திலும் வேலைக்குப் போனார். 1991 மார்ச் 21 அன்று இறந்தார். அதற்கு முந்தின நாள் கூடப் பட்டறைக்குப் போயிருந்தாராம்!

நம்ம கர்நாடக இசைக்கும் இந்த வழி உதவியது. மாண்டலினில் வழக்கமாக எட்டுத் தந்தி உண்டு, இரண்டிரண்டாகச் சேர்ந்து இருக்கும். அதன் ஓசை நீண்டு நிற்காது. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் (1969–2014) ஐந்து ஒற்றைத் தந்தி போட்ட எலெக்ட்ரிக் மாண்டலினில் கமகங்களை வாசித்து உலகத்தையே வியக்க வைத்தார். அங்கேயும் வேலை செய்தது இதே பிக்கப் தத்துவம்தான்.

என் ஒற்றைத் தந்திக் கட்டை

முழுக் கிட்டார் செய்ய என்னால் முடியவில்லை. லியோவைப் போல ஒரு சோதனைக் கட்டை செய்தேன். லாரி பாடிக்கு அறுத்து மிஞ்சிய பலகைத் துண்டு ஒன்று, கிட்டார்த் தந்தி ஒன்று. பழைய ரிலேயில் இருந்து உரித்த கம்பியை, அம்மாவின் தையல் மிஷினில் பாபினுக்கு நூல் சுற்றுகிற இடத்தில் வைத்துச் சுற்றினேன். நாலு தடவை அறுந்தது. ஐந்தாவது தடவை சுமார் மூவாயிரம் சுற்றோடு நிறுத்திக்கொண்டேன்.

ஃபிரெட் என்கிற கோடுகளைக் கணக்குப் போட்டுத்தான் குறிக்கணும். ஃபெண்டர் கிட்டாரில் தந்தியின் நீளம் 648 மில்லிமீட்டர். அதை 17.817 ஆல் வகுத்தால் 36.4 வரும், அதுதான் முதல் கோடு. மிச்சம் உள்ள நீளத்தை மறுபடியும் 17.817 ஆல் வகுத்தால் இரண்டாவது கோடு. இப்படியே போனால் பன்னிரண்டாவது கோடு சரியாகப் பாதியில், 324-ல் வந்து நிற்கும். காதுக்குச் சுருதி தெரியாத எனக்குக் கணக்கு சுருதி காட்டிக் கொடுத்தது!

பேட்டரி போட்ட சின்ன ஆம்ப்ளிஃபயரில் மாட்டினேன். முதலில் உர்ரென்று இரைச்சல் மட்டும்தான். எர்த் ஒயரைத் தந்தியோடு சேர்த்த பிறகு இரைச்சல் குறைந்தது. தந்தியைத் தட்டினேன். பாடியது! (நண்பர்களே, வீட்டு மின்சாரத்தில் ஓடுகிற எதையும் பெரியவங்க துணை இல்லாமல் திறக்காதீங்க.)

அன்றைக்கு ராத்திரி அப்பா அந்தக் கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் கட்டையைக் காணோம். குப்பையில் போட்டுவிட்டார் போல என்று நினைத்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. மூணு நாள் கழித்துப் பட்டறையில் இருந்து ஒரு துணியில் சுற்றிக் கொண்டு வந்தார். லாரி மஞ்சள் கலரில், ஓரத்தில் சிவப்புக் கோடு போட்டு, முகம் தெரிகிற மாதிரிப் பாலிஷ் பண்ணியிருந்தார். பிக்கப் இருந்த இடத்தில் பெயின்ட் படாமல் பேப்பர் ஒட்டி அடித்திருந்தார்.

வாசிக்கத் தெரியாதவனுக்கு எதுக்கு என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லவே இல்லை. அப்பாவும் அப்புறம் கேட்கவில்லை. எங்க வகுப்பில் நன்றாகப் பாடுகிற நண்பன் அந்தக் கட்டையை வாங்கி வாசித்துப் பார்த்துவிட்டு, ஏழாவது கோடு கையில் குத்துது என்று சொன்னான். அதைத்தான் இப்போ தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.



பதினோராம் வகுப்பு மாணவன்,
எருமப்பட்டி.